ஓசூர் ஃபர்னஸும் 40 ஒளியாண்டு தள்ளி இருக்கிற நட்சத்திரமும்

(எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சுல ரிப்பீட் ஆன இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து வந்தது. ஓசூர் சிப்காட்ல ஹீட் ட்ரீட்மென்ட் யூனிட்ல வேலை பார்க்கிற லிசனர் ஒருத்தர் அனுப்பினது. அவர் கேட்டது இதுதான்: "ப்ரோ, எங்க ஃபர்னஸுக்குள்ள இருக்கிற கியரோட டெம்பரேச்சரைச் சரியா சொல்றதுக்கே தெர்மோகப்பிள், பைரோமீட்டர், அதுக்கு வருஷா வருஷம் கேலிபிரேஷன்னு அவ்வளவு மெனக்கெடுறோம். எங்கயோ இருக்கிற நட்சத்திரம் 2,300 டிகிரின்னு எந்த தைரியத்துல சொல்றாங்க? யார் போய் தொட்டுப் பார்த்தது?"

யாரும் தொடல. ஆனா அவர் கையில இருக்கிற பைரோமீட்டர் என்ன பண்ணுதோ, கிட்டத்தட்ட அதையேதான் வானியலாளர்களும் பண்றாங்க. அந்தக் கருவி எந்த இடத்துல ஏமாத்துமோ, அதே மாதிரி இடத்துலதான் நட்சத்திரமும் ஏமாத்தும். இன்னைக்கு இந்த ரெண்டையும் பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியுறது வால் மட்டும்தான்

பழைய ஆளுங்க மீட்டரே பார்க்காம இரும்போட நிறத்தை வச்சே சூட்டைச் சொல்லிடுவாங்க. மங்கலான சிவப்பா இருந்தா 700 டிகிரிக்குக் கொஞ்சம் கீழ. செர்ரி பழச் சிவப்புன்னா சுமாரா 800. ஆரஞ்சு வந்தா 950 பக்கம். மஞ்சளாச்சுன்னா 1,100. சூடு ஏற ஏற நிறம் சிவப்புல இருந்து மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நகரும்.

இதுக்குப் பின்னாடி ஒரு சின்ன கணக்கு இருக்கு. 2,898-ஐ கெல்வின் கணக்குல இருக்கிற வெப்பநிலையால வகுத்தா, அந்தப் பொருள் எந்த அலைநீளத்துல அதிகமா ஒளிருதுன்னு மைக்ரான்ல வந்துடும். செல்சியஸோட 273 கூட்டினா கெல்வின். மைக்ரான்னா என்னன்னு ஓசூர்ல யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல. தினமும் மைக்ரோமீட்டர் பிடிக்கிற ஊரு.

சூரியன் 5,500 டிகிரி செல்சியஸ், அதோட உச்சம் 0.5 மைக்ரான். நம்ம கண்ணு பார்க்கிறது தோராயமா 0.4-ல இருந்து 0.7 மைக்ரான் வரைக்கும். ரெண்டும் நல்லா பொருந்துது. இப்போ 850 டிகிரி ஃபர்னஸுக்குப் போட்டுப் பாருங்க. உச்சம் 2.6 மைக்ரான்ல வருது. அதாவது அந்தக் கியர் விடுற ஒளியில பெரும்பகுதி நம்ம கண்ணுக்குத் தெரியவே தெரியாது. செர்ரி சிவப்புன்னு நாம பார்க்கிறது அந்த ஒளியோட வால் நுனி மட்டும்தான். மிச்சத்தை முகத்துல அனலா உணர்றோம். அதுதான் அகச்சிவப்பு.

நம்ம உடம்பும் ஒளிருது. 37 டிகிரிக்கு உச்சம் 9.3 மைக்ரான். கொரோனா சமயத்துல கம்பெனி கேட்ல செக்யூரிட்டி அண்ணன் நெத்தியில காட்டின துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர் இந்த வெளிச்சத்தைத்தான் படிச்சது.

நம்ம பக்கத்து வீட்டுக்காரங்க

இப்போ வானத்துக்குப் போவோம். நம்ம கேலக்ஸியில இருக்கிற நட்சத்திரங்கள்ல நாலுல மூணு பங்கு சிவப்புக் குள்ளர்கள். சூரியனை விட சின்னது, குளிர்ச்சியானது, மங்கலானது. இவ்வளவு பேர் இருந்தும், ஒருத்தரைக் கூட வெறும் கண்ணால பார்க்க முடியாது. சூரியனுக்கு அடுத்தபடியா நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற நட்சத்திரம் ப்ராக்ஸிமா சென்டாரி, வெறும் 4.24 ஒளியாண்டு. அதுவும் சிவப்புக் குள்ளன்தான். 1915 வரைக்கும் அப்படி ஒண்ணு இருக்கிறதே யாருக்கும் தெரியாது.

அதுக்கும் கீழ இன்னொரு வகை இருக்கு. 1960-களோட ஆரம்பத்துல, இந்தியாவுல பிறந்து அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணின சிவ் குமார் ஒரு கணக்கு போட்டார். சூரியனோட நிறையில சுமார் 7 சதவீதத்துக்குக் கீழ இருந்தா, ஹைட்ரஜனை நிலையா எரிக்கிற அளவுக்கு மையம் சூடாகாது. அது பிறந்த சூட்டோடவே கொஞ்சம் கொஞ்சமா ஆறிக்கிட்டே போகும். ஸ்விட்ச் ஆஃப் பண்ணின ஃபர்னஸ் மாதிரி. 1975-ல ஜில் டார்ட்டர் இதுக்குப் பழுப்புக் குள்ளன்னு பேர் வச்சாங்க. நேர்ல ஒண்ணைக் கண்டுபிடிச்சு உறுதி பண்ண 1995 ஆச்சு.

ஏன் 30 வருஷத்துக்கு மேல ஆச்சு? பார்க்க வேண்டிய அலைநீளத்துல பார்க்கிற கருவி அப்போ இல்ல. ஃபர்னஸை விட ஆறிப்போன ஒண்ணைக் கண்ணால தேடினா எப்படிக் கிடைக்கும்?

ஹான்லே டு ஹொஸகோட்டே

ஒரு நிஜ நட்சத்திரத்தை எடுத்துப்போம். பேரு டிராப்பிஸ்ட்-1. கும்ப ராசி மண்டலத்துல, சுமார் 40 ஒளியாண்டு தூரத்துல இருக்கு. வெப்பநிலை சுமார் 2,290 டிகிரி செல்சியஸ். சைஸ் வியாழன் கிரகத்தை விட கொஞ்சம்தான் பெருசு. இதைச் சுத்தி 7 கிரகங்கள் இருக்குன்னு 2017-ல செய்தி வந்தது ஞாபகம் இருக்கும். அதுக்கு முந்தின வருஷம், 2016-ல, முதல் 3 கிரகங்களை அறிவிச்ச ஆய்வுல பங்கெடுத்த தொலைநோக்கிகள்ல ஒண்ணு நம்மளோடது. லடாக்ல ஹான்லேவுல, 4,500 மீட்டர் உயரத்துல இருக்கிற 2 மீட்டர் ஹிமாலயன் சந்திரா தொலைநோக்கி. நோபல் வாங்கின நம்ம சுப்பிரமணியன் சந்திரசேகர் பேர்ல இருக்கிறது.

அந்தத் தொலைநோக்கியை இயக்குறவங்க ஹான்லேவுல உட்கார்ந்திருக்க வேண்டியதில்ல. இந்திய வானியற்பியல் நிறுவனத்தோட கண்ட்ரோல் ரூம் ஹொஸகோட்டேல இருக்கு. ஓசூர்ல இருந்து நேர்கோட்டுல சுமார் 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளி, சர்ஜாபூர் வழியா கண்டெய்னர் லாரி வரிசையில போற ரோடு அங்கதான் போய்ச் சேருது. அங்க இருந்து கட்டளை சாட்டிலைட் வழியா 2,000 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கிற லடாக்குக்குப் போகுது, படம் திரும்ப வருது.

"நமக்கு இந்தப் பக்கம் காவலூர் இருக்கே"ன்னு கேட்கலாம். கிருஷ்ணகிரி தாண்டி வாணியம்பாடி, ஆலங்காயம் வழியா போனா ஜவ்வாது மலையில வைணு பாப்பு ஆய்வகம். 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986-ல இருந்து இருக்கு. கண்ணுக்குத் தெரியுற ஒளிக்கு அது அருமையான இடம். அகச்சிவப்புக்கு மட்டும் ரெண்டு தடை. முதல் தடை தண்ணி. காத்துல இருக்கிற நீராவி அகச்சிவப்பைப் பெரிய பெரிய துண்டா முழுங்கிடும். முழுங்காம விட்டுவைக்கிற இடைவெளிகள் சிலதுதான்: 1.25 மைக்ரான் பக்கம் ஒண்ணு, 1.65 பக்கம் ஒண்ணு, 2.2 பக்கம் ஒண்ணு. இதுங்களுக்கு ஜே, எச், கேன்னு பேரு. காவலூர் 725 மீட்டர் உயரம். ஹான்லே மேகத்துக்கும் ஈரத்துக்கும் மேல இருக்கிற குளிர் பாலைவனம். ஜன்னல் அங்க நல்லா திறந்திருக்கு.

ரெண்டாவது தடை சூடு. 20 டிகிரியில இருக்கிற தொலைநோக்கியே அகச்சிவப்புல ஒளிரும். கண்ணாடி, இரும்புச் சட்டம், டோம், மேல இருக்கிற காத்து, எல்லாமே லைட் போட்ட மாதிரி இருக்கும். அதனாலதான் டிடெக்டரைத் திரவ நைட்ரஜன் மாதிரி ஒண்ணை வச்சு குளிர வைக்கிறாங்க. திரவ நைட்ரஜன்னா மைனஸ் 196 டிகிரி. நம்ம போன் கேமராவுல இருக்கிற சிலிக்கான் சென்சாரும் இதுக்கு ஆகாது. சுமார் 1.1 மைக்ரானுக்கு மேல அதுக்குக் கண் தெரியாது. வேற பொருள்ல செஞ்ச டிடெக்டர் வேணும். ஹான்லே தொலைநோக்கிக்கு அப்படி ஒரு கருவியை மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் செஞ்சு 2013-ல பொருத்தினாங்க. டிர்ஸ்பெக்னு பேரு. 1-ல இருந்து 2.5 மைக்ரான் வரைக்கும் பார்க்கும்.

லாரி எடை போடுற மாதிரி

சரி, படம் எடுத்தாச்சு. அதுல இருக்கிற வெளிச்சத்துல எவ்வளவு நட்சத்திரத்தோடது, எவ்வளவு வானத்தோடது?

ஹைவேல எடை மேடையைப் பார்த்திருப்பீங்க. லோடோட லாரியை நிறுத்தி எடை எடுப்பாங்க. காலி லாரி எடையைக் கழிச்சாதான் சரக்கோட எடை கிடைக்கும். இங்கயும் அதேதான். ஒரு படம் எடுத்ததும் தொலைநோக்கியைத் துளியூண்டு நகர்த்தி இன்னொரு படம் எடுப்பாங்க. முதல் படத்துல நட்சத்திரம் இருந்த இடத்துல இப்போ வெறும் வானம்தான் இருக்கும். ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சா வானம் போயிடும், நட்சத்திரம் மிஞ்சும். ஒரே சிக்கல், இந்த "காலி லாரி" எடை சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறிக்கிட்டே இருக்கும். அதனால திரும்பத் திரும்ப நகர்த்தி, திரும்பத் திரும்பக் கழிக்கணும்.

கழிச்ச பிறகு கையில இருக்கிறது ஒரு எண்ணிக்கை மட்டும்தான். அது பிரகாசம் ஆகணும்னா ஒரு மாஸ்டர் வேணும். பட்டறையில வெர்னியரை ஸ்லிப் கேஜ் வச்சு செக் பண்ற மாதிரி, வானத்துல ஏற்கனவே துல்லியமா அளந்து வச்ச நட்சத்திரங்களோட ஒப்பிடணும். இந்த வேலையை ரொம்ப சுலபமாக்கினது டூ-மாஸ்ங்கிற சர்வே. அரிசோனாவுல ஒண்ணு, சிலியில ஒண்ணுன்னு ரெண்டு 1.3 மீட்டர் தொலைநோக்கிகளை வச்சு 1997-ல இருந்து 2001 வரைக்கும் கிட்டத்தட்ட முழு வானத்தையும் ஜே, எச், கே மூணுலயும் அளந்தாங்க. சுமார் 47 கோடி புள்ளிகள். இப்போ அகச்சிவப்புல வானத்தோட எந்த மூலையைப் படம் எடுத்தாலும் அநேகமா அதுக்குள்ளயே ஒப்பிட சில நட்சத்திரம் கிடைச்சிடும். டிராப்பிஸ்ட்-1 முதல்ல மாட்டினதும் இந்த சர்வேலதான்.

இப்போ அதோட எண்களைப் பார்ப்போம். வானியல்ல பிரகாசத்தை மேக்னிட்யூட்னு சொல்வாங்க. இது தலைகீழ் ஸ்கேல். எண் கூடினா மங்கல். 5 எண் வித்தியாசம்னா 100 மடங்கு. வேகாங்கிற நட்சத்திரத்தை எல்லா அலைநீளத்துலயும் ஏறக்குறைய பூஜ்யம்னு வச்சுக்கிறாங்க. கண்ணு பார்க்கிற ஒளியில டிராப்பிஸ்ட்-1 சுமார் 18.8. வேகாவை விட 3 கோடி மடங்குக்கும் மேல மங்கல். ஆனா கே ஜன்னல்ல அது 10.3. வேகாவை விட 13,000 மடங்கு மட்டும்தான் மங்கல். அதே நட்சத்திரம்தான். பார்க்கிற ஜன்னலை மாத்தினதும் இவ்வளவு வித்தியாசம்.

அந்த வித்தியாசத்துக்குத்தான் வானியல்ல "நிறம்"னு பேரு. ஜே அளவுல இருந்து கே அளவைக் கழிங்க. சூரியன் மாதிரி நட்சத்திரத்துக்குச் சுமார் 0.4 வரும். டிராப்பிஸ்ட்-1-க்கு 11.35-ல இருந்து 10.30 போக 1.05. எண் கூடினா நிறம் சிவப்பு, ஆள் குளிர்ச்சி. ஹீட் ட்ரீட்மென்ட்ல டூ-கலர் பைரோமீட்டர் யூஸ் பண்றவங்க இப்போ சிரிச்சிருப்பீங்க. அதுவும் ரெண்டு அலைநீளத்துல அளந்து, விகிதத்தை எடுத்து, சூட்டைச் சொல்லுது. நடுவுல புகை இருந்தாலும் ரெண்டும் ஒரே அளவு குறையும், விகிதம் மாறாது.

5 சதவீதம் தப்பினா என்ன ஆகும்?

இவ்வளவு துல்லியம் எதுக்குன்னு தோணலாம். கிரகம் குறுக்க வரும்போது நட்சத்திர வெளிச்சம் கொஞ்சம் குறையும். பூமி சைஸ் கிரகம் சூரியன் முன்னாடி போனா 0.01 சதவீதம் கூட குறையாது. டிராப்பிஸ்ட்-1 முன்னாடி போனா சுமார் 0.6 சதவீதம் குறையும். சின்ன நட்சத்திரம்ங்கிறதால 70 மடங்கு பெரிய சிக்னல். குளிர்ந்த குள்ளர்களை எல்லாரும் துரத்துறதுக்கு இது முக்கியக் காரணம்.

ஆனா அந்தச் சிக்னல் கிரகம் நட்சத்திரத்துல எத்தனை பங்குன்னு மட்டும்தான் சொல்லும். கிரகத்தோட நிஜ சைஸ் வேணும்னா நட்சத்திரத்தோட சைஸ் தெரியணும். அதைப் பொதுவா பிரகாசம், தூரம், வெப்பநிலை மூணையும் வச்சுக் கணக்கு போடுறாங்க. பிரகாசமும் தூரமும் சரியா இருந்து, வெப்பநிலையில மட்டும் 5 சதவீதம் தப்பினா நட்சத்திரத்தோட ஆரம் சுமார் 10 சதவீதம் தப்பும். கிரகத்தோட ஆரமும் அதே 10 சதவீதம். கன அளவு 30 சதவீதத்துக்கு மேல. அதை வச்சு அடர்த்தி பார்த்தா, கல்லும் இரும்புமா இருக்கிற கிரகம் காகிதத்துல தண்ணி நிறைஞ்ச கிரகமா மாறிடலாம். "உயிர் வாழ வாய்ப்புள்ள கிரகம்"னு ஹெட்லைன் வரும்போது, அதுக்கு அடியில இருக்கிறது இப்படி ரெண்டு மூணு ஜன்னல்ல எடுத்த சின்ன சின்ன அளவுகள்தான்.

நிறம் ஏமாத்துற இடம்

டூ-கலர் பைரோமீட்டருக்கு ஒரு நிபந்தனை உண்டு. பொருளோட மேற்பரப்பு ரெண்டு அலைநீளத்துலயும் ஒரே மாதிரி ஒளிரணும். ஒண்ணுல மட்டும் ஏதாவது தடுத்தா, மீட்டர் தைரியமா தப்பான நம்பர் காட்டும்.

நட்சத்திரத்துல அப்படித் தடுக்கிற விஷயம் நிறைய இருக்கு. சாதாரண சிவப்புக் குள்ளர்கள்ல ஜே-கே நிறம் பெருசா நகராது. அங்க கண்ணு பார்க்கிற ஒளிக்கும் கே-க்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நம்புறாங்க. சுமார் 2,000 டிகிரிக்குக் கீழ வந்தா, காத்து மண்டலத்துல கல்லும் இரும்பும் துளியா, தூசியா மாறி மேகமாகுது. ஆமா, இரும்பு மேகம். அப்போ ஜே-கே 2 வரைக்கும் கூட ஏறும். இன்னும் குளிர்ந்தா இன்னும் சிவக்கும்னுதான் நாம நினைப்போம். நடக்கிறது நேர் எதிர். மேகம் கீழ இறங்கிடும், மீத்தேன் வாயு வந்து எச், கே ஜன்னல்கள்ல ஒளியை முழுங்க ஆரம்பிச்சிடும். நிறம் திடீர்னு நீலப் பக்கம் திரும்பி பூஜ்யத்துக்கே வந்துடும். வெறும் ஜே-கே எண்ணை மட்டும் பார்த்தா, ஆறிப்போன குள்ளனும் வேகா மாதிரி கொதிக்கிற நட்சத்திரமும் ஒண்ணுதான்.

1995-ல கண்டுபிடிச்ச க்ளீஸ 229 பி அப்படித்தான் இருந்தது. 19 ஒளியாண்டு தூரம், சுமார் 680 டிகிரி செல்சியஸ். நம்ம ஹார்டனிங் ஃபர்னஸை விட குளிர்ச்சி. ஜே-கே கிட்டத்தட்ட பூஜ்யம். நிறமாலையில மீத்தேன் தெரிஞ்சதாலதான் இது பழுப்புக் குள்ளன்னு சந்தேகமில்லாம சொல்ல முடிஞ்சது.

கதை அதோட முடியல. பின்னாடி அதோட நிறையை அளந்தாங்க: வியாழன் மாதிரி சுமார் 70 மடங்கு. அவ்வளவு நிறை இருந்தா இன்னும் பிரகாசமா இருக்கணும். அளந்த வெளிச்சம் பத்தல. "அளவு தப்பா இருக்கும்"னு ஒதுக்கியிருக்கலாம். ஆனா வெளிச்சத்தை அவ்வளவு கவனமா அளந்திருந்ததால அதைத் தூக்கிப் போட முடியல. 2024-ல விடை கிடைச்சது. அது ஒரு ஆள் இல்ல, ரெண்டு பேர். 12 நாளைக்கு ஒரு தடவை ஒருத்தரை ஒருத்தர் சுத்திக்கிட்டு இருக்காங்க. ஒரே நிறையை ரெண்டு சின்ன உருவமா பிரிச்சா, வெளிச்சம் சரியா பொருந்திடுச்சு. 29 வருஷமா ஒண்ணுன்னு நினைச்சதை ரெண்டுன்னு காட்டிக் கொடுத்தது, கணக்குல இடிச்ச ஒரு பிரகாச அளவு.

அப்போ கேள்விக்குப் பதில்

லிசனர் நண்பா, 2,300 டிகிரின்னு சொல்றவங்க ஒரே மீட்டரை நம்பிச் சொல்றது இல்ல. பல ஜன்னல்ல அளக்குறாங்க, வானத்தைக் கழிக்கிறாங்க, மாஸ்டரோட ஒப்பிடுறாங்க, நிறமாலையை வச்சு சரிபார்க்குறாங்க. கூடவே எவ்வளவு தப்பு இருக்கலாம்னும் எழுதுறாங்க. டூ-மாஸ்ல டிராப்பிஸ்ட்-1-ஓட ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்துல பிளஸ் ஆர் மைனஸ் 0.02-னு இருக்கும், சுமார் 2 சதவீதம். உங்க கேலிபிரேஷன் சர்டிபிகேட்ல இருக்கிற அதே வரிதான்.

வீட்டுல ஒண்ணு ட்ரை பண்ணுங்க. டிவி ரிமோட்டோட முன் பக்க பல்பை போன் செல்ஃபி கேமராவுக்குக் காட்டி பட்டனை அழுத்துங்க. பெரும்பாலான போன்ல ஒரு வெளிச்சப் பொட்டு மின்னும். சுமார் 0.94 மைக்ரான். சிலிக்கான் பார்க்கக்கூடிய எல்லைக்குக் கொஞ்சம் உள்ள. அந்த எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இன்னைக்குப் பேசின குள்ளர்கள் பிரகாசமா இருக்காங்க.

கோடிங் தெரிஞ்சவங்களுக்கு ஒரு வேலை. டூ-மாஸ் டேட்டா முழுக்க இலவசம், யார் வேணா எடுக்கலாம். வானத்துல ஒரு சின்னப் பகுதியை எடுத்து, ஜே-கே ஒரு அச்சு, ஜே-எச் இன்னொரு அச்சுன்னு ஒரு ப்ளாட் போடுங்க. பெரும்பாலான புள்ளிகள் ஒரே பட்டையில வரிசையா விழும். அதுல இருந்து விலகி நிக்கிற புள்ளியைப் பார்த்தா, உடனே குள்ளன்னு குதிக்க வேண்டாம். தூசியா இருக்கலாம், கேலக்ஸியா இருக்கலாம், அளவே மோசமா இருக்கலாம். முதல்ல பக்கத்துல இருக்கிற அந்த பிளஸ் ஆர் மைனஸைப் பாருங்க.

ப்ளாட் போட்டா ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க. பட்டறை, ஃபர்னஸ், கேஜ்னு உங்க வேலையில இருந்து வர்ற கேள்விகளையும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.